முடிந்துபோன கடனைக் கேட்டு வந்தவர்

அவர் முதல் தடவை வந்தபோது செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்துவிட்டுத்தான் படியேறினார். கடன் வசூலிக்க வருகிறவர்கள் சத்தம் போடுவார்கள், அவர்கள் கதவைத் தட்டுகிற தட்டில் தெருவே எட்டிப் பார்க்கும் என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். இவர் வாசலில் நின்று, "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டார். நாற்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, தோளில் ஒரு கறுப்புப் பை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளையின் அப்பா யாரோ, சான்றிதழ் விஷயமாக வந்திருக்கிறார் என்று எண்ணி நான்தான் உள்ளே வரச் சொன்னேன்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். என் கணவர் பேட்டையில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். இறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கிப் புது மெஷின் போட்டார். கடன் கொடுக்கும்போதே அவர்கள் ஒரு இன்சூரன்சையும் சேர்த்துவிட்டு, அதற்கான காசையும் பிடித்துக்கொண்டார்கள். கடன் வாங்கினவர் இறந்துபோனால் மீதித் தொகையை இன்சூரன்ஸ் கட்டிவிடும் என்பது ஏற்பாடு. "நான் செத்தாத்தான் பிரயோஜனம்னா அதுக்கு எதுக்கு நான் காசு கட்டணும்" என்று அவர் அன்றைக்குச் சிரித்தது நினைவிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

இறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் காகிதம், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றையும் கம்பெனியின் திருநெல்வேலிக் கிளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து அங்கிருந்து போன் வந்தது. "இன்சூரன்ஸ் பணம் வந்துட்டு மேடம். உங்க கணக்கு முடிஞ்சிட்டு. லெட்டர் தபால்ல வரும்" என்றார்கள். லெட்டர் வரவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் எனக்குச் சோறு பொங்கித் தின்பதே பெரிய வேலையாக இருந்தது. மெஷினை விற்று, பட்டறை வாடகைப் பாக்கியை அடைத்து, மீதியை மகளின் காலேஜுக்கு வைத்தேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கம்பெனி கைமாறிவிட்டதாம். புதுக் கம்பெனியின் கணக்கில் என் கணவர் பேரில் கடன் அப்படியே நிற்கிறதாம். வட்டி, அபராத வட்டி எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்கும் மேலே.

"அது முடிஞ்சிட்டுன்னு சொன்னாங்களே" என்றேன்.

"யாரு சொன்னாக்கா?"

"உங்க ஆபீஸ்லதான்."

"அந்த ஆபீஸே இப்ப இல்லக்கா. முடிஞ்சிட்டுன்னு எழுதிக் குடுத்தது இருந்தா காட்டுங்க, நான் எழுந்து போயிருதேன்."

என்னிடம் இல்லை. அவருக்கு அது தெரிந்தேதான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் வீட்டு மதிப்பெண் சான்றிதழையெல்லாம் அடுக்கி வைத்துப் பாதுகாக்கிற வேலை என்னுடையது. சொந்த வீட்டுக்கு ஒரு காகிதம் வாங்கி வைக்கத் தெரியவில்லை.

"பதறாதிய" என்றார். "பைய பாத்துக்கிடலாம். நான் செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை இந்தப் பக்கம் வருவேன்."

சொன்னபடி வந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கால் கழுவுகிற நேரத்துக்குச் சரியாக வருவார். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. என்ன வருமானம், மகள் எந்த காலேஜ், வீடு யார் பேரில் இருக்கிறது என்று சொந்தக்காரர் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். நானும் சொந்தக்காரருக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, "ஒரு ரெண்டாயிரம் மட்டும் கட்டுங்கக்கா. அக்கா மனசு வச்சிருக்காங்கன்னு மேல சொல்லிக்கிடுவேன். பொறவு பாதியாக் கொறைச்சு முடிச்சிரலாம்" என்றார். பீரோவைத் திறந்து பணத்தைக் கையில் எடுத்துவிட்டேன். ஏனோ திரும்ப வைத்தேன். அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு பார்த்தால், நாற்காலியை ஜன்னலை ஒட்டித் திருப்பிப் போட்டிருந்தார். அங்கிருந்து எங்கள் தெரு முழுவதும் தெரியும்.

ரெண்டாயிரம் கொடுக்காததால்தானோ என்னவோ, அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் காய்கறிக்காரன் வண்டிப் பக்கத்தில் வைத்து, "கடன் ஏதும் நெருக்குதா? ஒருத்தர் உங்களப் பத்திக் கேட்டுட்டுப் போனாரு. நல்ல மனுசனாத் தெரியுது" என்றார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, "ஆபீஸ் போனுக்கு ஒருத்தர் அடிக்கடி பேசுதாரு. நீங்க வேலைக்கு வந்திருக்கியளான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிருதாரு. என்னம்மா விஷயம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. ஆனால் மறுவாரத்திலிருந்து பரீட்சைக் கட்டணம் வசூலிக்கிற பொறுப்பை இன்னொரு கிளார்க்கிடம் கொடுத்துவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். எழுத்தர், "அடிச்சானா? கெட்ட வார்த்தை பேசினானா? வீட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போனானா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. "பொறவு என்னத்தம்மா எழுத?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்துவிட்டேன்.

என் கணவர் இறந்த நாளில் வருஷா வருஷம் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைப்போம். சபைப் போதகர் ஐயரும் பத்துப் பதினைந்து பேரும் வருவார்கள். அந்த வருஷம் ஐயர் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ வந்து நின்ற நிழல் தெரிந்தது. கண்ணைத் திறந்தேன். அவர் கையில் ஒரு ரோஜா மாலையோடு நின்றுகொண்டிருந்தார். ஜெபம் முடிகிறவரை தலையைக் குனிந்தபடியே நின்றார். பிறகு உள்ளே வந்து, என் கணவர் படத்துக்கு மாலையைப் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களோடு காபியும் வடையும் சாப்பிட்டார். தேதியை நான் அவரிடம் சொன்னதே இல்லை. நான் கொடுத்த காகிதங்களிலேயே அது இருக்கிறது என்பது அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. போகும்போது என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "அண்ணாச்சி ஆத்மா சாந்தியாகணும்னா இந்தப் பாக்கி நிக்கக் கூடாதுக்கா" என்றார்.

அந்த மாலையை எடுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சாயந்திரம்தான் எடுக்க முடிந்தது.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அது நடந்தது. மகள் காலேஜிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு நாலு மணிக்கே வந்துவிட்டாள். நான் ஜுரம் என்று சீக்கிரமே பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவள் இறங்கி, "தேங்க்ஸ் அண்ணாச்சி" என்று சொல்வதும் கேட்டது.

"யாரு கொண்டாந்து விட்டது?" என்றேன்.

"செவ்வாக்கிழமை வருவாவல்லா, அவங்கதான். பஸ் ஸ்டாப்ல நின்னேன். வீட்டுப் பக்கந்தான் போறேன், ஏறிக்கோம்மான்னாவ."

"ஏட்டி, கூப்பிட்டா ஏறிருவியா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு வாரவங்கதானம்மா. அப்பா ஜெபத்துக்குக்கூட வந்தாவளே."

அவளைத் திட்ட என்ன இருக்கிறது? கதவைத் திறந்து நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அந்த மனிதரை வீட்டு மனிதராக்கியது நான்தான். வழியில் என்ன பேசினார் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. எத்தன மணிக்குக் காலேஜ் விடும், லேப் இருக்கிற நாள் எதுன்னு கேட்டாவ" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் கேட்டைப் பூட்டிவைத்து, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். "இனிமே உள்ள வரக் கூடாது. என் மக கிட்ட பேசக் கூடாது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "சரிக்கா" என்றார். எதிர்ப்பக்கம் போய், டிரான்ஸ்பார்மருக்குக் கீழே பைக்கை நிறுத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். ஒரு மணி நேரம் நின்றார். செல்போனைப் பார்க்கவில்லை, பீடி சிகரெட் பிடிக்கவில்லை. வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அப்படியே. தெருவில் போகிறவர்கள் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, வெயில் இருக்கும்போதே சமைத்தேன்.

பயம் ஒரு கட்டத்தில் என்னைக் கோர்ட்டு வளாகத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே இலவச சட்ட உதவி மையம் ஒன்று உண்டு. ஒரு பெண் வக்கீல் இருந்தார். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு இருக்கும். நான் அழுதுவிடுவேனோ என்று பயந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "ஏதாவது பணம் குடுத்தீங்களா?" என்பதுதான்.

"இல்ல. ஒரு தடவ குடுக்கப் பாத்தேன்."

"நல்லவேளை. ஒரு ரூவா குடுத்திருந்தாலும் கடன ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருக்கும்" என்றார். பிறகு, "பைனான்ஸ்காரன்ட்ட கேக்காதீங்க. இன்சூரன்ஸ்காரன்ட்ட கேளுங்க. பணத்த யாருக்கு, என்னைக்கு, எந்தக் கணக்குக்கு அனுப்புனாங்கன்னு எழுத்துல வாங்குங்க" என்றார். இவ்வளவு நாளாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டு, ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. பணம் முழுவதும் பைனான்ஸ் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தேதியோடு எழுதியிருந்தார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, லீவு போட்டு, புதுக் கம்பெனியின் மதுரை ஆபீசுக்குப் போனேன். மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு வெகு நேரம் கம்ப்யூட்டரில் தேடினார். இடையில் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"மேடம், பணம் வந்திருக்கு. ஆனா உங்க கணக்குல ஏறல."

"பொறவு எங்க போச்சு?"

அவர் அவசரத்தில் திரையை என் பக்கம் திருப்பிவிட்டார். என் கணவர் பெயரேதான் இருந்தது. இனிஷியல் மட்டும் வேறு. விலாசம் சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். எங்கள் ஆட்களில் அந்தப் பெயர் தெருவுக்கு ஒருத்தருக்கு இருக்கும். லோடு ஆட்டோவுக்காக அந்த ஊர்க்காரர் வாங்கியிருந்த கடன், என் கணவர் செத்ததற்கு வந்த பணத்தில் முடிந்துபோயிருந்தது. மிச்சம் நின்ற கொஞ்சப் பணத்தைக்கூட அவருக்கே செக்காக அனுப்பியிருந்தார்கள்.

"எங்க பக்கத் தப்புதான். சரிபண்ணிருவோம்" என்றார் அந்தப் பெண்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ருசித்துக் குடித்த டீ. பஸ் விருதுநகர் தாண்டின பிறகுதான், சரிபண்ணுவது என்றால் என்ன என்று யோசித்தேன். என் கணக்கில் அந்தப் பணத்தை ஏற்ற வேண்டுமென்றால் சாத்தான்குளத்துக்காரர் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் அவருடைய கடன் உயிரோடு எழுந்து உட்காரும், இத்தனை மாத வட்டியோடு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் லெட்டர் வந்தது. நிலுவை இல்லை என்று எழுதி, முத்திரை குத்தியிருந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவர் கேட்டுப் பக்கம் வந்தார்.

"லெட்டர் வந்துட்டாக்கா?"

"வந்துட்டு."

"எனக்கும் தகவல் வந்துட்டு. இனிமே இங்கன வரமாட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய." பைக்கில் ஏறப் போனவர் திரும்பினார். "இனி சாத்தான்குளம் பக்கந்தான். அவுக பேரும் அண்ணாச்சி பேருதான். ஊரு மட்டும் உள்ள கிடக்கு, பஸ்ஸு ரெண்டு நேரந்தான். அவுகளுக்கும் ஒரு பொம்பளப் பிள்ள. பன்னெண்டு படிக்கி" என்றார்.

அவர் போன பிறகும் நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். லெட்டர் வந்த அன்று இருந்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. அந்தப் பிள்ளை எத்தனாம் வகுப்பு என்பதுவரை விசாரித்து வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை சாத்தான்குளம் பஸ் ஏறினேன். போக வேண்டாம், உனக்கென்ன சோலி என்று மகள் சொன்னாள். எனக்கும் என்ன சோலி என்று தெரியவில்லை. பேய்க்குளம் தாண்டினால் செம்மண்ணும் பனையுமாக இருக்கும். வழக்கமாக அந்தச் சிவப்பு எனக்குப் பிடிக்கும். அன்றைக்குப் பார்க்கவே முடியவில்லை. சாத்தான்குளத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, விசாரித்துப் போனேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வீடு. பக்கத்தில் புதுசாக ஒரு குளியலறை கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர் லோடு ஏற்றிப் போயிருந்தார். அவர் மனைவி மட்டும் இருந்தார். என் வயதுதான். ஏதோ சபை விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்காரச் சொல்லி, கடையிலிருந்து ஒரு கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார்.

குடிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். லேமினேட் செய்திருந்தார்கள். அவர்களுடைய கடன் முடிந்ததற்கான லெட்டர்.

"எங்களுக்குப் படிச்சதும் நம்பிக்க வரல. இவுக நேர்ல போய்க் கேட்டாவ. ஆமா, முடிஞ்சிட்டு, போங்கன்னுட்டாங்க. கொரானாவுக்காகத் தள்ளுபடி பண்ணிட்டாங்க போலன்னு நெனச்சோம்." அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அது உங்க வீட்டுக்காரர் செத்த பணமா?"

"ஆமா."

"அந்தப் பணத்துலயா நாங்க கோயிலுக்கு நன்றிக் காணிக்க போட்டோம்" என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

பிறகு அவர் முகம் மாறியது. "நீங்க இத எதுக்கு வந்து சொல்லுதிய? சொல்லிட்டா எங்ககிட்ட பணம் வந்துருமா?"

"பணத்துக்காக வரல. ஒருத்தர் வருவாரு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் எப்படி இருப்பார், எப்படிப் பேசுவார் என்று சொன்னேன். உள்ளே விட வேண்டாம், உட்காரச் சொல்ல வேண்டாம். அடையாள அட்டை கேட்க வேண்டும். எழுத்தில் தராத எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். மகளிடம் இன்றைக்கே சொல்லிவைக்க வேண்டும். அந்தம்மா கேட்டுக்கொண்டே வந்தவர், மகள் என்றதும் நிமிர்ந்தார்.

"உங்க பிள்ளைய அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. பைக்ல கொண்டாந்து வீட்டுல விட்டான்."

"பொறவு?"

"அவ்வளவுதான்."

அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பெண் வக்கீலின் நம்பரையும் என் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அங்கே வைத்துவிட்டு வந்தேன். வழியனுப்ப அவர் வாசலுக்கு வரவில்லை. கலர் பாதி குடித்தபடி அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயந்திரம் புது நம்பரிலிருந்து போன் வந்தது. "வந்திருக்காரு. வாசல்ல நிக்காரு. செருப்பக் கழத்திட்டாரு" என்று அந்தம்மாவின் குரல் கிசுகிசுத்தது. போனை வைக்காமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போகச் சொன்னேன். அந்தம்மா அட்டையைக் கேட்டதும், அந்த மனிதர் "அடுத்த தடவ கொண்டாரேன்க்கா" என்று அதே பதமான குரலில் சொன்னதும் எனக்குக் கேட்டது. பாளையங்கோட்டையில் என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தும், கேட்டைப் பூட்டியிருக்கிறேனா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவர்கள் அந்தப் பெண் வக்கீலிடமே போனார்கள். மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி, தப்பு கம்பெனியுடையது என்பதால் வட்டியைத் தள்ளி, அசலை மட்டும் மாதத் தவணையாகக் கட்டுவது என்று முடிந்தது. லோடு ஆட்டோ கைவிட்டுப் போகவில்லை. மகளை நர்சிங் சேர்க்க வைத்திருந்த பணம் முதல் தவணைகளுக்குப் போய்விட்டது. அந்தப் பிள்ளை ஒரு வருஷம் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தம்மாவும் நானும் சிநேகிதமாகிவிட்டோம் என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்குக்கூடப் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் ஒரு தடவை அவராகவே கூப்பிட்டார். அவர்கள் தெருவில் மூணு வீடு தள்ளி அந்த ஆள் வர ஆரம்பித்திருக்கிறார், அந்த வீட்டார் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள் என்றார். போய்ச் சொல்லலாமா, வேண்டாமா என்று யோசிக்கிறாராம். அந்த வீட்டுக்கும் இவர்களுக்கும் வேலித் தகராறில் ரொம்ப நாளாகப் பேச்சுவார்த்தை இல்லையாம்.

"இப்பவே போங்க" என்றேன்.